சில்லறை போட்ட எல்லை

முதலில் சப்பாத்து.
இடதுகால் மட்டும்.
சதுப்பில் நின்று வந்த ஈரமென்று
வெயிலில் காயப்போட்டேன்.
அடுத்த நாள் அரிசிச் சாக்கின் மூலை.
பிறகு தர்மினியின் தையல் மெஷின் பெடல்.
சனிக்கிழமை, எல்லாவற்றுக்கும் மேலாக,
குச்சவெளிக் காணியொன்றின் பிளான்.
நாலு பேர்ச் தகராறில்
ஏழு வருசமாய் வழக்கில் கிடப்பது.
அதன் வடக்கு எல்லையில்
மஞ்சளாய் ஒரு குளம்.

நான் நில அளவையாளன்.
பகல் முழுக்க வெயிலில் நின்று கட்டை அடிக்கிறவன்.
நான் அடித்ததை
இரவில் ஒருவர் பிடுங்குவார்,
விடிய வேறொருவர் பலகை நடுவார்,
அதற்கும் அப்பால் முள்ளுக்கம்பிக்குள்
கேட்கக்கூடாத ஏக்கர்கள்.
ஆகவே எனக்குப் பூனையை
உடனே விளங்கிவிட்டது.
"தொழில் பழகுது" என்றேன்.
தர்மினி சிரிக்கவில்லை.
அவள் கையில் பிழிந்த தேசிக்காய்ப் பாதி.

(கண்டக்டர் மிச்சக்காசு தராத ஒரு நாள்
பஸ் சீற்றுக்கடியில் கிடைத்த குட்டி.
அதனால் சில்லறை.)

தேசிக்காய், வினாகிரி, டெட்டோல்,
நளீம் நாநா கடையின்
நீலப் போத்தல் பிளீச்.
பிளீச் காய்ந்ததும் சில்லறை வந்து மோந்தது,
தன் கையெழுத்தைச் சரிபார்ப்பதுபோல்.
பிறகு அதே இடத்தில்
மறுபடி ஒப்பம்.

மனையாவெளியில் எங்களது வாடகை வீடு.
உரிமையாளர் அருளம்பலத்தார்
வாசலில் நின்றே மூக்கைப் பொத்தினார்.
"சாக்கிலை கட்டி நிலாவெளிப் பக்கம் விட்டிட்டு வாங்கோ.
மீன் வாடி இருக்கு, பிழைச்சுக்கொள்ளும்."
அவருக்குப் பின்னால் ரோட்டில்
மூன்று மான்கள்
தேர்தல் நோட்டீஸ் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தன.
இந்த ஊரில் மான்களை
யாரும் எதுவும் கேட்பதில்லை.

சாக்கை எடுத்தது நான்தான்.
இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.
அரிசியைக் கொட்டிவிட்டு எடுத்த சாக்கு,
அந்த மூலை இன்னும் நாறியது.
தேடிப்போனால்,
குளியலறையில் வெள்ளை பேசினுக்குள்
குந்தியிருக்கிறது.
குந்தியபடியே என்னைப் பார்க்கிறது.
நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
பின்பு ஒரு சத்தம்.
பூனைச் சத்தமல்ல,
துருப்பிடித்த கேற் பாதியில் சிக்குகிற சத்தம்.
பேசினில் ஒரு துளி.
இளஞ்சிவப்பு.

தர்மினி சாக்கைப் பறித்தாள்.
அதையே நாலாய் மடித்து
ஓட்டோவில் தன் மடியில் விரித்தாள்.

டொக்டர் ரிஸ்மியா வயிற்றை மெல்ல அமுக்கினார்.
"தோடம்பழம் மாதிரி இறுகிக் கிடக்கு.
மூத்திரப்பையில மணல்."
அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை:
"இது எல்லை போடல்ல.
எங்க இருந்தா நோகாது எண்டு
ஒவ்வொரு இடமாப் போய்ப் பாத்திருக்கு."
நான் சுவரில் இருந்த
மாட்டுத் தடுப்பூசி அட்டவணையை
முழுவதும் வாசித்தேன்.

மூன்று நாள் குழாய்.
கருவாடு நிறுத்தம்.
அவித்த சூடை மீன், தண்ணி தண்ணியாய்.
இரண்டு தட்டில் மணல்,
டச்சுபேயில் அள்ளி
உப்புப் போகக் கழுவிக் காயவைத்தது.
ஒன்று குசினி வாசலில்.
ஒன்று என் மேசைக்குக் கீழே.

மணம் முழுதாய்ப் போகவில்லை.
மாரியில் சுவர் ஞாபகப்படுத்தும்.
அருளம்பலத்தார் இப்போதும்
வாசலோடு திரும்பிவிடுகிறார்,
வாடகையை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு.
குச்சவெளிப் பிளானைப் புதிதாய்க் கீறினேன்.
வழக்கு கிடக்கிறது.

நேற்றிரவு கரண்ட் இல்லை.
இருட்டில், மேசைக்குக் கீழே
மணல் விறாண்டும் சத்தம்.
ஒரு நிறுத்தம்.
பிறகு நீளமாய், தடையில்லாமல்.
"கேக்குதா?" என்றாள் தர்மினி.
மெழுகுதிரி தேடுவதை விட்டுவிட்டு
எண்ணினேன்.
பதினொரு செக்கன்.
காலையில் களப் புத்தகத்தில்,
அன்றைய பாகைகளுக்குக் கீழே,
குறித்து வைத்தேன்.