நிறம் கேட்காத நாள்

மே மாதத்தில் மார்லீன் வ்ரப்கா
வந்தவர் எல்லாரிடமும் கேட்டாள்:
"எந்தக் கட்சிச் சீட்டு?"
தீயணைப்பு நிலையத்து மடக்கு மேசையில்
இரண்டு கட்டு. ஒன்றன் ஓரத்தில் பச்சைக் கோடு,
மற்றதில் பழுப்பு.
பதிலை முணுமுணுத்தாலும்
தகரக் கூரை வாங்கி உரக்கச் சொல்லிவிடும்.
எல்ட்ரட் கூசெரா பழுப்பு கேட்டது
பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்தது.
வேலிக்கு அப்பால் லாயல் ஸ்டென்பர்க்
டிராக்டர் இரவல் தருவதை நிறுத்திக்கொண்டான்.

அது முதற்கட்டம். அவரவர் வீட்டுக்குள் சண்டை.

கோடை முழுக்கத் தீவனக் கடையில் ஒரே பேச்சு:
"ஜெனரல் வரட்டும், பார்த்துக்கலாம்."
தேர்தல் என்ற வாலை அறுத்துவிட்டார்கள்;
ஏதோ படைத்தலைவன் குதிரையில் வரப்போவதுபோல.

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
நெப்ராஸ்காவின் காற்று, பாதி அறுத்த சோளம்,
காலணிகளில் சேறு.

"பேர்?"
இருபத்தொன்பது வருஷமாய்த் தெரிந்த பேர்தான்.
சொல்லிவிட்டு, கேட்காமலே, "பழுப்பு" என்றார்.
"இன்னைக்கு நிறம் கிடையாது எல்ட்ரட்."
ஒரே கட்டு. வெறும் வெள்ளை.

விரலால் வரிவரியாய்த் தேடினார்.
"டீன் ஹார்ம்ஸ் எங்கே?"
"மே மாசமே தோத்தாச்சு. ஒன்பது ஓட்டு."
"எனக்கு வேண்டியவனே இதில் இல்லை.
அப்புறம் என்ன பொது?"

மார்லீனிடம் பதில் இல்லை.
பயிற்சிக் கையேடு, பதினேழாம் பக்கம்
இவ்வளவுதான் சொல்கிறது:
இந்த நாளில் கட்சி கேட்க வேண்டாம்.
எல்லாருக்கும் உரியது பொது,
எவருக்கும் சொந்தமில்லாததும் பொது.
இரண்டு பொருளும் ஒரே சொல்லில்
ஒண்டுக் குடித்தனம்,
ஒன்றின் சமையல் வாசனை மற்றதற்குப் பிடிக்காமல்.

அவர் மறைப்புக்குள் போனார். வெகுநேரம் நின்றார்.
பள்ளிக்கூட வாரியம், தண்ணீர் வாரியம்,
பின்பக்கத்தில் ஒரு பாலத்துக்கான கடன்பத்திரம்.
பாலம் அவர் வயலை ஒட்டித்தான்.
லாயலின் வயலையும்.

மற்ற மறைப்பில் பேனா காய்ந்துவிட்டிருந்தது.
வெளியே வந்த எல்ட்ரட்
வரிசையில் அடுத்து நின்றவனைப் பார்த்தார்.
ஸ்டென்பர்க். கை நீண்டிருந்தது.
பேனாவை மூடாமலே கொடுத்தார்.

டிராக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.