மேற்கு வாசல், புலியூர்க்குறிச்சி

தலைநகரம் பத்மநாபபுரத்தைக் காலிசெய்து
அனந்தபுரத்துக்கு வண்டி கட்டியபோது
பாளையத்தை யாரும் கூப்பிடவில்லை.

சம்பளம் பிந்தியது,
உத்தரவு அதற்கும் பின்னால்.
கருமருந்து வியர்த்துக் கட்டிபட்டது.
அணிவகுப்புத் தரையில் மரச்சீனி நட்டார்கள்;
வரிசை மட்டும் பிசகவில்லை.

பிறகு வேறு கொடி, வேறு தொப்பி,
அதே கொசு.

எவனோ ஒரு பாராக்காரன்,
'நீலன் பப்பு' என்று கொத்தியிருக்கிறது,
கருங்கல்லில் கோடு கிழித்திருக்கிறான்
இரவுக்கு ஒன்றாக.
எண்ணினேன்: முந்நூற்றுப் பதினொன்று.
அடுத்தது பாதியில் நிற்கிறது.
காய்ச்சலா, மாற்றலா, ஓட்டமா?

இப்போது அந்த வாசலில்
நான் சீட்டுக் கிழிக்கிறேன்.
ஐந்து மணிக்கு மான்களை எண்ணிப்
பூட்ட வேண்டும்.
நேற்று ஒன்று குறைந்தது.

மதிலில் அந்த இடிந்த பக்கம்
எனக்குத் தெரியும்.
புத்தகத்தில் எழுதவில்லை.