கடைசியாகப் பூத்தது

விதைப் பையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்,
இன்சுலின் குப்பிகளுக்குப் பக்கத்தில்,
மூன்று இரவு.
"புது மருந்தோ?" என்றார் இவர்.
இல்லை, மார்கழி என்று ஏமாற்றுகிறேன்.
கொழும்பு வெக்கையில்
சலாது விதை கண் திறக்காது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
ஐந்து மாடி ஏறினால் மொட்டைமாடி.
தண்ணீர்த் தாங்கியின் கிழக்குப் பக்கம்
மீன் வந்த ரெஜிபோம் பெட்டிகள் நாலு.
காலை வெயில் போதும் அதுகளுக்கு.
ஒரு மணிக்குப் பிறகு தாங்கி நிழல் தரும்.
நடுவில் இரண்டு மணித்தியாலம்
எங்கள் பழைய நுளம்பு வலைதான்,
இரண்டாய் மடித்து.

"நுவரெலியாச் சரக்கு நோனா,
லொறியில் வந்தால்தான் உண்டு"
காவற்கார ரத்னசிறி
ஒவ்வொரு வாளிக்கும் ஒருதரம் சொன்னான்.
வாளியையும் அவன்தான் தூக்கி வந்தான்.

முளைத்தது.
சுருங்கிய கைலேஞ்சி மாதிரி,
ஓரத்தில் கொஞ்சம் ஊதா.

ஆறு மணிக்கு முன் பறிக்க வேணும்.
வெளியிலை மட்டும்.
குருத்தில் கை வைத்தால் கதை முடிந்தது.
பனி குடித்த இலை பல்லில் முறியும்;
அதே இலை பத்து மணிக்கு
நனைந்த பத்திரிகை.
மூன்றாம் மாடி ஃபஸ்மியா
மகனின் பணிசுக்குள் வைக்க ஐந்து கேட்பாள்.
ஆறு கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தருவாள்.

பங்குனியில் காற்று நின்றது.
ரயில் போனால்கூட எதுவும் அசையவில்லை.
ஒரே கிழமையில்
பன்னிரண்டில் பதினொன்று எழும்பி நின்றன
தண்டும் தாங்களுமாய்.
கிள்ளினால் பால்.
நாக்கில் வைத்தேன், வேப்பங்கொழுந்து தோற்றது.
பிடுங்கிப் போட்டேன் பதினொன்றையும்.

ஒன்று மட்டும் குந்தியிருந்தது.
என்ன அவசரம் என்பதுபோல
இன்னும் பத்தொன்பது நாள்
இலை தந்தது.
பிறகு அதுவும் எழும்பியது,
யாருக்காகவும் காத்திருக்கவில்லை.
சட்டைப் பொத்தானிலும் சிறிய மஞ்சள் பூக்கள்,
மதியத்துக்குள் மூடிவிடும்.
பிடுங்கவில்லை.

பஞ்சு கட்டியது. பாதி
தண்டவாளப் பக்கம் பறந்துபோயிற்று,
அங்கே என்ன செய்யுமோ.
மீதியை மருந்துக்கடை உறையில் போட்டு
மேலே எழுதினேன்:
கடைசியாகப் பூத்தது.

இந்தமுறை இவர் ஒன்றும் கேட்கவில்லை.
குப்பிகளை ஓரமாய்த் தள்ளி
இடம் விட்டார்.