மூலை உள்ள எழுத்து

நான் கயிற்றைப் பிடித்திருக்கிறேன்.
ஒரு இழுப்பு: இன்னும் விடு.
இரண்டு: தூக்கு.
மூன்றுக்கு இதுவரை அர்த்தம் தேவைப்படவில்லை.

சம்பானின் நடுவே கம்ப்ரெஸர் இருமுகிறது.
பச்சைக் குழாயில் இறங்கும் காற்றில்
டீசல் வாசமும் என் வெற்றிலை வாசமும் வருகிறது
என்பான் டுன் லின்.
கீழே ஐந்து பாகம்.
கண்ணாடி போடுவதில்லை,
பசுண்டவுங் கழியில் கண் எதற்கு?
திறந்தால் ஊர்ச் சேறு, மூடினால் சொந்த இருட்டு.
சொந்தம் கொஞ்சம் சுத்தம்.

காலையிலிருந்து கூடையில் ஏறியவை:
பழைய கப்பல் கரி, தேநீர்க்கடைக்கு ஆகும்.
சைக்கிள் மணி; கழுவியதும்
பாதிச் சத்தம் அடித்தது.
ஜப்பான்காரன் தோட்டா நாலு,
போலீசுக்குத் தெரிந்தால் வம்பு, தெரியாவிட்டால் பித்தளை.
முகம் தேய்ந்த ஒரு ரூபாய்.
எந்த ஜார்ஜ் என்று சண்டை போட்டோம்,
பந்தயம் ஒரு சுருட்டு. இன்னும் தீரவில்லை.

பிறகு, இரண்டு இழுப்பு.

வந்தவன் மூச்சு வாங்குமுன் பேசினான்:
"மா நாகு, இதில் ஏதோ குத்தியிருக்கு.
எங்கள் எழுத்து உருண்டை, விரல் வழுக்கிக்கொண்டு போகும்.
இதில் முட்டுகிறது. மூலை இருக்கிறது.
உன்னுடையதாக இருக்கும்."

பித்தளைத் தூக்கு, பிடி இல்லை.
வயிற்றில் ஒரு நசுங்கல்.
லுங்கி நுனியால் தேய்த்தேன்.
கோயில் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற தமிழ்;
அவன் தலை துவட்டி முடிக்கும் வரை
புள்ளி புள்ளியாகக் கூட்டினேன்:
சி. அ. பவளக்கொடி
ம
க
அங்கே நசுங்கல் தொடங்கிவிட்டது.

"என்ன போட்டிருக்கு?"
ஒரு பெண். அவள் மகள். இல்லை, மகன்.
"எது?"
நசுங்கின இடத்தில் இருக்கிறது.
"எறிந்தார்களா, விழுந்ததா?"
அதைக் குத்தி வைக்கவில்லை.

நாற்பத்திரண்டில் நடந்து போனவர்கள் சுமையைக் குறைத்தார்கள்.
அறுபத்துநாலில் கப்பலேறியவர்களை
துறைமுகத்துச் சோதனைக்காரர்கள் குறைத்தார்கள்.
இரண்டு கணக்கிலும் சேராமல்
படித்துறையில் பாத்திரம் விளக்கும்போது
வெறுமனே கைநழுவியும் இருக்கலாம்.
அன்று மாலை யாருக்கோ திட்டு விழுந்திருக்கும்.
சரித்திரம் என்று சொல்ல
அதுவும் எனக்குப் போதும்.

காயலான் கடையில் ஊ போ சீ தராசில் வைத்தார்.
அவர் பெய்த்தா என்பார், நான் வீசை என்பேன்,
முள் ஒன்றுதான். அரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது.
"எழுத்துக்கு ஏதும் உண்டா?"
டுன் லின்தான் கேட்டான், எனக்காக.
"கீறல் விழுந்த சரக்கு" என்று
இன்னும் ஒரு நோட்டைக் குறைத்துக்கொண்டார்.

வைத்துக்கொள்ளலாமே என்று அவனும் சொல்லவில்லை.
பாதி அவன் மூச்சு.
என் பாதியை மட்டும் அறுத்தெடுக்க
தூக்கு என்ன வாழைத்தண்டா?
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கி
பெயரின் மேல் பரப்பி
நகத்தால் ஒத்தியெடுத்தேன்.
ஊ போ சீ அதற்குக் காசு கேட்கவில்லை.

இரவு கரண்ட் இல்லை.
தாளின் முதுகில் புள்ளிகள் மேடு தட்டியிருந்தன.
முதுகுப் பக்கம் எல்லாம் வலமிடம் மாறிவிடும்,
விரல் முதலில் நசுங்கலில் இறங்கியது,
அப்புறம் க, அப்புறம் ம,
வெகுநேரம் கழித்துத்தான் அவள் வந்தாள்,
கொடியைப் பிடித்துக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து.

நாளை வற்றம் நாலேமுக்காலுக்கு.
கம்ப்ரெஸருக்கு பெல்ட் வாங்க வேண்டும்,
இன்று ஒரு தரம் நழுவியது,
மூன்று மூச்சு அளவு.
அவன் இழுக்கவில்லை.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.