ஆறு நாற்பத்தாறு ஸ்லோ

ஆறு நாற்பத்திரண்டு ஃபாஸ்ட்டில் போனால்
ஏழு ஐம்பதுக்கு டோம்பிவிலி.
ஆறு நாற்பத்தாறு ஸ்லோவில் போனால்
எட்டு பத்து, எட்டேகால்.
நடுவில் கிடக்கும் இருபது சொச்சம் நிமிடம்
என்னுடையது.
வேறு எதற்கும் என் பேரில் பத்திரம் இல்லை.

ஆரம்பித்தது போன ஜூனில்.
ஃபாஸ்ட் கண்முன்னால் நகர்ந்தது,
ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.
ஓடவில்லை.
செருப்பு வார் அறுந்துவிட்டது என்று
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
வார் நன்றாகத்தான் இருந்தது.

ஃபாஸ்ட்டில் எனக்கென்று ஓர் இடம் உண்டு.
சுலபா கைக்குட்டை போட்டுப் பிடித்துவைப்பாள்.
பட்டாணி உரிப்போம், சீட்டுப் பணம் எண்ணுவோம்,
யார் மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது
காட்கோபருக்குள் முடிந்தாக வேண்டும்.
நல்ல பெண்கள்.
ஆனாலும் அங்கேயும் நான் டியூட்டியில்தான் இருந்தேன்.

கழுத்தெலும்பு தேய்மானம், கூட்டத்தில் போகக் கூடாதாம்
என்று சொல்லிவைத்தேன்.
மறுநாளே ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்தாள் சுலபா,
அவள் நாத்தனாருக்குக் கேட்டதாம்.
பொய்க்கு வந்த மருந்து.
வீணாக்க மனசில்லாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்லோவில் அப்படி என்னதான் செய்கிறாய் என்றால்
சொல்ல ஒன்றுமில்லை.
முதல் வாரம் ஒரு நாவல் எடுத்துப்போனேன்.
பதினோராம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைக் கவ்வியபடி
பையில் இன்னும் கிடக்கிறது.
அடுத்த வாரம் மூச்சுப் பயிற்சி.
மொபைலில் ஒருத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.
ஆபீஸ் மாதிரியே இருந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று
வண்டி ஒவ்வொரு வாசலிலும் நின்று
யாரையோ நலம் விசாரித்துவிட்டு நகர்கிறது.
சிஞ்ச்போக்ளியில், மூன்றாம் மாடிக் கொடியில்,
எடுக்க ஆளில்லாத ஒரு பச்சைப் பாவாடை.
மாட்டுங்காவில் மல்லிகையோடு யாராவது ஏறுவார்கள்,
வாசம் மட்டும் குர்லா தாண்டியும் வரும்.
நாஹூரில் ஏன் நிற்கிறது என்று
நாஹூருக்கே தெரியாது.

பாண்டுப் தாண்டி எங்கேயோ
என் பெயர் எனக்கே ஞாபகம் இல்லாத
ஓர் அரை நிமிடம் வரும்.
சில நாள் வராது.
கூப்பிட்டால் வருவதில்லை அது.

வீட்டில் கேட்டால் சிக்னல் கோளாறு.
தண்டவாளத்தில் மாடு என்றும்
ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
மத்திய ரயில்வே என் பாவங்களைச் சுமந்து தீர்க்கிறது.

நேற்று விக்ரோளி தாண்டும்போது ஜெபசிங் கூப்பிட்டார்.
"ஆல்வினுக்கு கிராஃப் நோட்டு வேணுமாம். எங்க வர்ற?"
"தானே வரப்போகுது."
வாய் மூடவில்லை,
தலைக்கு மேல் அந்தப் பெண்குரல்
அடுத்த நிலையம் காஞ்சுர்மார்க் என்றது,
மூன்று மொழியில், நிறுத்தி நிதானமாக.

எங்கள் ஃபாஸ்ட் காஞ்சுர்மார்க்கில் நிற்காது.
அவர் இந்த லைனில் பதினெட்டு வருஷம் போய்வந்தவர்.

போனில் கொஞ்ச நேரம் தண்டவாளச் சத்தம் மட்டும்.
பிறகு,
"நோட்டை நானே வாங்கிக்கிறேன்" என்றார்.
"குக்கர் வச்சாச்சு."

போனபோது சோறு குழைந்திருந்தது.
நோட்டு மேஜைமேல் இருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அரிசி டப்பாவில் ஒளித்த காசை
எவரோ எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு
அப்படியே திரும்ப வைத்ததுபோல் இருந்தது.
கோபமா, வேறெதுவுமா?
தட்டைக் கழுவும்போது முகத்தைப் பார்த்தேன்,
அவர் பூண்டுத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

இன்று ஃபாஸ்ட் கிளம்புகிறது.
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
சுலபா கைக்குட்டையை ஆட்டுகிறாள், இடம் இருக்கிறதாம்.
நான் கழுத்தைத் தடவிக் காட்டுகிறேன்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று
நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும்.