கத்தரிக்கு என்ன அடிக்கலாம்

ஒன்பது மணிக்கு ஷட்டரை ஏற்றுவேன்.
இரவெல்லாம் உள்ளே தேங்கிய நெடி
முதலில் தெருவுக்கு வரும்.
அது வெளியேறிய பிறகு நான் நுழைவேன்.
திருப்பாதிரிப்புலியூரில்
பூச்சிமருந்துக் கடை.
நீல மூடி, வெள்ளை மூடி,
சிவப்பு முக்கோணம், மஞ்சள் முக்கோணம்.
எட்டு வருடமாய் நான்தான் பில் போடுகிறேன்.

இலை சுருண்டால் இது,
சாறு வற்றினால் அது,
காயைத் துளைத்தால் மேல் தட்டில் மூன்றாவது.
"தில்லைநாயகி இருக்கும்போது
கம்பெனி ஆள் எதுக்கு?" என்பார் முதலாளி.
சம்பளம் உயர்த்தாத மாதங்களில்
இன்னும் சத்தமாகச் சொல்வார்.

வண்டிப்பாளையத்தில் வாடகை வீடு.
பின்பக்கம்
துணிக்கொடிக்கும் சுவருக்கும் நடுவே
பதினோரு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம்.
போர் தண்ணீர் உப்பு,
சோப்பு நுரைக்காது.
அரிசி களைந்த நீர், பருப்பு கழுவிய நீர்,
ஐப்பசியில் ஓட்டில் இறங்கும் நீர்
எல்லாவற்றுக்கும் குடம் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு விடிந்தால் துறைமுகத்துக்கு பஸ்.
மீன் ஆயும் அஞ்சலாட்சி
செவுளும் குடலும் செதிலும்
எனக்கென்று கட்டி வைத்திருப்பாள்.
"எத்தன பூன வளக்குற?"
"பதினெட்டு."
பதினெட்டு கத்தரிச் செடி.
திரும்பும்போது பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

எடைக்கு எடை வெல்லம்,
மூடி இறுக்காத வாளி.
ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தால்
நாற்றம் அடங்கி
அழுகிய பழம்போல் ஒரு வாசம் வரும்.
அதுவரை வீட்டுக்காரர்
சாக்கடையைத்தான் சந்தேகப்பட்டார்.
ஆள் வைத்து அடைப்பு எடுத்தார்.
என் பங்குக்கு இருநூறு ரூபாயை
முகம் மாறாமல் கொடுத்தேன்.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்
அரைத்துத் தெளித்தாயிற்று.
வேப்பங்கொட்டையும் ஊறிப் பார்த்தது.
அசுவினி போனது, மாவுப்பூச்சி பாதி போனது.
துளைப்பான் போகவில்லை.
சாயங்காலம் வாடிய நுனியைக் கிள்ளிப் பிளந்தால்
உள்ளே வெளிர்ரோஜா நிறத்தில்
கூச்சப்படாமல் படுத்திருப்பான்.
கொடிக்கம்பியில் காத்திருக்கும்
கரிச்சானுக்கு வீசுவேன்.
சில நாள் பிடிக்கும்.
சில நாள் அதற்கும் பசியில்லை.

அன்றைக்கு மதியம்
டப்பாவைத் திறந்தபோது
வெள்ளப்பாக்கம் தெய்வசிகாமணி வந்தார்.
அரை ஏக்கர் கத்தரி. பழைய வாடிக்கை.
மூன்றாவது பாட்டில் கேட்டார், எடுத்து வைத்தேன்.
என் குழம்பை எட்டிப் பார்த்தார்.
"இதென்ன, காய்ல பாதிய காணோம்?"
"புழு தின்னது போக மிச்சம். வூட்டுல வெளஞ்சது."
"என்ன அடிச்ச?"
முதலாளி போனில் இருந்தார்.
என் முதுகுக்குப் பின்னால் அத்தனை மூடிகளும்
காது கொடுத்து நின்றன.
"இஞ்சி" என்றேன்.

சிரித்தார்.
சிரித்து முடித்து
"உனக்குப் பொந்து கட்டும் ஆயி.
எனக்குக் கட்டாது.
ஒரு பொந்து இருந்தா
வியாபாரி மூட்டையையே திருப்பிடுவான்" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அறுநூற்று நாற்பது என்று பில்லைக் கிழித்தேன்.

நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக்கொண்டே
கேட்காத கேள்விக்குச் சொன்னார்:
"கெணத்தோரம் நாலு செடி இருக்குது.
அதுக்கு மட்டும் அடிக்கறதில்ல.
வூட்டுக்கு."
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.
சில்லறை தேடுகிற சாக்கில்
நானும் மேசை டிராயரைப் பார்த்தேன்.
பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு
வெயிலில் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும்
செடியைத் தொடும் முன்
எப்போதும் ஒருமுறை கை கழுவுவேன்.
அன்றைக்கு மூன்று முறை.
நான்காவது முறையும்
குழாயைத் திறந்து நின்றேன்.
உப்புத் தண்ணீர்.
நுரைக்கவில்லை.