ஒன்பதாம் வாரம்

டுலூத்தில் ஏரி உறைந்திருந்த மாதம்
லோர்னா கொஸ்கெலாவுக்குப் பெயரில்லாத
வெள்ளைப் பெட்டிகளைக் கொடுத்தேன்.
உள்ளே எவ்வளவு நிகோடின்,
எனக்கும் சொல்லவில்லை.

பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
முதல் வாரமே சண்டைக்கு வந்தாள்:
"வைக்கோலைச் சுருட்டித் தந்திருக்கிறீர்கள்."
அடிவரை இழுத்தாளாம்,
வற்றிய மடியை முட்டும் கன்றுபோல.

எரிந்த துண்டுகளைப் பையில் போட்டுத்
திருப்பித் தர வேண்டும்.
எண்ணுவது என் வேலை.
நூற்று முப்பத்தேழு.
நூற்றுப் பத்து.
ஐந்தாம் வாரம் எழுபத்து நான்கு;
அதில் மூன்றின் அடித்தாள் மட்டும் மஞ்சள்,
பெட்ரோல் பங்கில் வாங்கியவை.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"அன்றைக்கு அப்பாவை அடக்கம் செய்தோம்."
மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாம் வாரம் பை லேசு.
"உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்,
பாலத்தைத் தூக்குகிறார்கள்,
இந்த வருஷத்து முதல் கப்பல்.
அது முழுசாக உள்ளே வந்த பிறகுதான்
தெரிகிறது, நான் பற்றவைக்கவே இல்லை."

யாரோ பாக்கெட் அடித்துவிட்ட கோபம்
அவள் குரலில்.

பையின் அடியில் கிடந்தது அது,
முழுசாக,
ஒரு நுனியில் மட்டும் உதட்டுச்சாயம்.
கணக்கில் சேர்ப்பதா என்று
மேலே கேட்டிருக்கிறேன்.